‘எனக்கு வராது’ என்று முடிவு கட்டுவதற்கு முன்னால்: வீட்டில் தனியாகக் கலை பழகுவோருக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

வகுப்பில் ஓவியமோ கிட்டாரோ கற்றுக்கொள்ளும்போது, பாடம் சொல்லித் தருவதைவிடப் பெரிய உதவி ஒன்றை ஆசிரியர் செய்கிறார். கோடு நடுங்கினால், "பென்சிலை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளிப் பிடிங்க" என்பார். கம்பி இரைந்தால் விரலைச் சற்று நகர்த்தி வைப்பார். பிழை இருக்கும் இடத்தை அவர் காட்டிவிடுவதால் அது வெறும் பிழையாகவே இருந்துவிட்டுப் போகிறது. வீட்டில் தனியாகப் பழகுகிறவருக்கு அப்படிக் காட்ட ஆள் இல்லை. அதே நடுங்கும் கோட்டைப் பார்த்துவிட்டு, "நமக்கெல்லாம் இது வராது போல" என்று நினைத்துக்கொள்கிறார்.

"வராது" என்பது தீர்ப்பு. அறிகுறி என்றால் அதன்மேல் விரல் வைத்துக் காட்ட முடிய வேண்டும். இடது கண் மேலே ஏறியிருக்கிறது. பின்னலின் பத்தாவது வரிசையில் ஒரு கண்ணி குறைகிறது. மூன்றாவது கம்பி ஒலிக்கவே இல்லை. இப்படிக் காட்ட முடிந்ததைத்தான் சரிசெய்ய முடியும். ஆகவே கீழே உள்ள எந்த அறிகுறிக்கு வந்தாலும் ஒரே வரிசையில் சோதியுங்கள்: முதலில் பொருள், அடுத்து செய்முறை, அதற்கும் அடுத்து பழகும் விதம். திறமையைப் பற்றிய கேள்வி கடைசியில்தான். பெரும்பாலும் அதுவரை போக வேண்டியிருக்காது.

உங்களால் முடியும், தைரியமாக இருங்கள் என்ற வகைச் சொற்கள் இதில் குறைவாகத்தான் இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. "என்னால் இதைச் செய்ய முடியும்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதியபோது நான்கு ஊற்றுகளைக் குறிப்பிட்டார்: தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம், பிறர் செய்வதைப் பார்ப்பது, மற்றவர் சொல்லும் ஊக்கம், உடலும் மனமும் அப்போது இருக்கும் நிலை. நான்கில் வலுவானது முதலாவதுதான். ஊக்கச் சொல் சீக்கிரம் கரைந்துவிடும். கையால் சரிசெய்த ஒரு பிழை அப்படிக் கரைவதில்லை.

அறிகுறி: எல்லாம் வாங்கியாச்சு, தொடங்கத்தான் முடியவில்லை

புது ஸ்கெட்ச்புக் பிரிக்கப்படாமல் இருக்கிறது. களிமண் பொட்டலம் அலமாரியில் இருக்கிறது. சோம்பல் என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். பொருள் புதிதாகவும் நன்றாகவும் இருப்பதே இங்கே தடையாக நிற்கிறது. இவ்வளவு நல்ல தாளைக் கெடுத்துவிடுவோமோ என்று கை தயங்குகிறது.

முதல் பக்கத்தை வேண்டுமென்றே கெடுத்துவிடுங்கள். உங்களிடம் இருக்கும் பென்சில், பேனா எல்லாவற்றாலும் கிறுக்கிப் பாருங்கள்; எது எவ்வளவு அடர்த்தியாக விழுகிறது என்று தெரிந்துகொள்ளவும் அது உதவும். அதற்கும் மனம் வரவில்லையென்றால் நடுப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். முதல் வேலையை உள்ளங்கை அளவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழுத்தாள் ஓவியமும் முழுநீளச் சால்வையும் முதல் வேலையாக இருக்கவே கூடாது, ஏனென்றால் அவை முடியும் நாள் கண்ணுக்கே தெரியாது.

அப்புறம், எப்போது தொடங்குவது என்பதை அன்றைய மனநிலையிடம் விட்டுவிடாதீர்கள். "நேரம் கிடைக்கும்போது வரைவேன்" என்பதைவிட "இரவு பாத்திரம் கழுவி முடித்ததும் மேசையில் உட்கார்ந்து ஒரு பொருளை வரைவேன்" என்று இடமும் தருணமும் சேர்த்து முடிவு செய்வது நிறைவேற வாய்ப்பு அதிகம். இப்படி ‘இது நடந்ததும் அது’ என்று முன்கூட்டியே கட்டிவைப்பதன் பலனை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலிருந்து ஆராய்ந்து காட்டியிருக்கிறார். பொருட்கள் பெட்டிக்குள் இல்லாமல் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

அறிகுறி: வீடியோவில் பார்த்தால் எல்லாம் புரிகிறது, கையில் எடுத்தால் ஒன்றும் வரவில்லை

இதில் உங்கள் குறை எதுவும் இல்லை. பார்ப்பதே இப்படித்தான் ஏமாற்றும். மைக்கேல் கார்டாஸ், எட் ஓ'பிரையன் என்ற இரு ஆய்வாளர்கள் 2018-இல் இதைச் சோதித்தார்கள். மேசைமேல் தட்டுகள் இருக்க விரிப்பை மட்டும் உருவுவது, அம்பு எறிவது போன்ற வித்தைகளைச் சிலருக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அதிகத் தடவை பார்த்தவர்களுக்கு "இது என்னால் முடியும்" என்ற எண்ணம் ஏறியது. செய்யச் சொன்னபோது கைத்திறன் ஏறவில்லை. எதிர்பார்ப்பு மட்டும் உயர்ந்து கை இருந்த இடத்திலேயே இருந்தால், நடுவில் விழும் இடைவெளியில்தான் சுயசந்தேகம் வந்து உட்கார்கிறது.

வழி இதுதான். வீடியோவை ஒரு தடவை முழுதாகப் பாருங்கள். இரண்டாம் தடவை, ஒரு படி முடிந்ததும் நிறுத்தி, திரையை மூடிவிட்டு அந்தப் படியை மட்டும் செய்யுங்கள். எங்கே நினைவு தட்டுகிறதோ அங்கே மட்டும் திரும்பப் பாருங்கள். அதே வேலையை முடிக்கும்வரை புது வீடியோ வேண்டாம். ஒரே பாடத்துக்கு ஐந்து பேருடைய வீடியோவை மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் வீட்டில் பழகுவோரை அதிகம் குழப்புகிறது என்பது என் எண்ணம். ஒவ்வொருவரும் ஊசியைப் பிடிக்கும் விதமே வேறு.

இன்னொன்றையும் பாருங்கள். பத்து நிமிட வீடியோவுக்குப் பின்னால் பல மணி நேர வேலை இருக்கலாம். நூல் சிக்கியது, அழித்தது, மறுபடி தொடங்கியது எல்லாம் வெட்டப்பட்டிருக்கும். நீங்கள் இடது கைக்காரராக இருந்தால், வலது கைக்காரரின் க்ரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) வீடியோவைக் கண்ணாடியில் தெரிவது போல இடவலமாகத் திருப்பிப் பாருங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீர்ந்துவிடும்.

அறிகுறி: வரைந்தது, வரைய நினைத்தது போலவே இல்லை

வீட்டில் ஓவியம் பழகுவோரிடம் அதிகம் கேட்பது இதுதான். இங்கேதான் திறமை என்ற பேச்சும் சீக்கிரம் வந்துவிடுகிறது. ஆகவே இதை நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் தாள் எப்படிக் கிடக்கிறது என்று பாருங்கள். மேசையில் தட்டையாகக் கிடந்தால், தாளின் மேல்பகுதி கண்ணுக்குத் தூரமாகவும் கீழ்ப்பகுதி கிட்டத்திலும் இருக்கும். அந்தச் சாய்ந்த பார்வையில் சரியாகத் தெரிகிற முகம், தாளை நிமிர்த்திப் பிடித்ததும் நீண்டுபோய்த் தெரியும். "பக்கத்தில் சரியாக இருந்தது, தள்ளி வைத்துப் பார்த்தால் கோணல்" என்பவர்கள் முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான். ஓர் அட்டையில் தாளைப் பொருத்தி, அடியில் நாலைந்து தடித்த புத்தகங்களை வைத்துச் சாய்த்துவிடுங்கள். கை வரைவதில் எதுவும் மாறாமலே ஓவியம் நேராகிவிடும்.

அடுத்தது பென்சில். எச்பி பென்சிலை அழுத்திப் பிடித்து நிழல் போட்டால் தாள் பளபளக்குமே தவிரக் கறுக்காது. நிழல் வெளிறிப் போகிறது என்றால் 4பி, 6பி போன்ற மென்மையான பென்சிலை எடுங்கள். தொடக்கக் கோடுகளுக்கு எச்பியோ 2எச்-ஓ லேசாகப் போதும்.

பொருள் சரி என்றால் செய்முறைக்கு வருவோம். கண் எதிரே கோப்பை இருந்தாலும் கை வரைவது மனதில் இருக்கும் கோப்பையை. வாய் வட்டம் என்று நமக்குத் தெரியும், அடி தட்டை என்றும் தெரியும். ஆகவே வாயை அகலமாகத் திறந்து வரைந்துவிட்டு, அடியில் நேர்கோடு இழுக்கிறோம். பார்க்கும் கோணத்தில் இரண்டுமே வளைகோடுகள்தான். கண்மட்டத்துக்குக் கீழே போகப் போக அந்த வளைவு கூடும். முகத்திலும் இதே கதை. கண், மூக்கு, வாய் எல்லாம் நமக்கு முக்கியம். நெற்றியும் உச்சந்தலையும் முக்கியமில்லை. அதனால் கண்ணை மேலே ஏற்றி, மண்டையைச் சிறிதாக்கிவிடுகிறோம். உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை அளந்தால், கண்கள் ஏறக்குறைய நடுவில் இருக்கும். கண்ணாடி முன் நின்று விரலால் அளந்து பாருங்கள், நம்பவே கஷ்டமாக இருக்கும்.

இதைச் சரிசெய்ய மூன்று பழக்கங்கள் போதும்.

ஒன்று, ஒரு கோட்டோவியத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரைவது. தலைகீழாக இருக்கும்போது இது மூக்கு, இது காது என்று மனம் பெயர் சொல்லத் தடுமாறும். வேறு வழியில்லாமல் கோட்டைக் கோடாகவே கண் பார்க்கும். முடித்துவிட்டு நேராகத் திருப்பிப் பார்க்கும்போது பலருக்கும் ஆச்சரியம் காத்திருக்கிறது.

இரண்டு, பொருளை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள காலி இடத்தை வரைவது. நாற்காலிக் கால்களுக்கு நடுவே இருக்கும் வெற்றிடத்துக்கு நம் மனதில் முன்பே பதிந்த உருவம் ஒன்றும் இல்லை. அதனால் அதைச் சரியாகவே வரைவோம். வெற்றிடம் சரியானால் நாற்காலியும் சரியாகிவிடும்.

மூன்று, அளப்பது. முழங்கையை மடக்காமல் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலில் கட்டைவிரலை நகர்த்தி அகலத்தையும் உயரத்தையும் ஒப்பிடுங்கள். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும், அதைக் கவனிக்க வேண்டும்.

அளந்து வரைவது ஏமாற்று வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். வின்சென்ட் வான் கோ ஓவியராவது என்று முடிவு செய்தது 1880-இல், 27 வயதில். சார்ல் பார்க் தயாரித்த வரைபயிற்சித் தாள்களை வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்து நகலெடுத்துப் பழகினார். 1882-இல் குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டிய சட்டகம் ஒன்றைச் செய்வித்து, அதன் வழியாகப் பார்த்து அளவு பிடித்தார். அவருக்கே தேவைப்பட்ட கருவி நமக்குத் தேவைப்படுவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அறிகுறி: வாட்டர்கலர் சேறாகிறது, தாள் அலை அலையாக எழுகிறது

தாள் எழுந்தால் பிரச்சினை தாளில்தான். பென்சில் ஓவியத்துக்கான மெல்லிய தாள் தண்ணீரைத் தாங்காது. 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) வாட்டர்கலர் தாளை எடுத்து, நான்கு ஓரத்தையும் ஒட்டுநாடாவால் அட்டையில் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள். வாட்டர்கலரில் கையிருப்புப் பணத்தில் முதல் பங்கு தாளுக்குப் போகட்டும். சாதாரண வண்ணம் நல்ல தாளில் நன்றாக வரும். நல்ல வண்ணம் மோசமான தாளில் வராது.

நிறம் சேறானால் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். எதிரெதிர் நிறங்களை, உதாரணமாகச் சிவப்பையும் பச்சையையும், அறியாமல் கலந்திருப்பீர்கள். அல்லது ஈரம் காயும் முன்பே அதே இடத்தை மறுபடி மறுபடி தேய்த்திருப்பீர்கள். தூரிகை கழுவ ஒரு தண்ணீர், நிறம் கலக்க இன்னொரு தண்ணீர் என்று இரண்டு குவளை வையுங்கள். பாதி காய்ந்த இடத்தில் நீர் மிகுந்த தூரிகையை வைத்தால் ஓரம் ஒழுங்கில்லாமல் கறை படரும். முழுக்க ஈரமாக இருக்கும்போது தொடுங்கள், இல்லையென்றால் முழுக்கக் காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். காய்ந்ததும் நிறம் வெளிறும், இதுவும் உங்கள் தவறு அல்ல. ஈரத்தில் கொஞ்சம் அதிகம் என்று தோன்றும் அளவுக்கு அடர்த்தியாகவே வையுங்கள்.

அறிகுறி: கிட்டாரில் விரல் வலிக்கிறது, ஒலி சுத்தமாக வரவில்லை, "என் கை சின்னது"

கையைக் குறை சொல்லும் முன் கிட்டாரை அளந்துவிடுங்கள். 12-வது ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) மேலே, தடித்த ஆறாவது கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேல் வைத்துப் பாருங்கள். எஃகுக் கம்பி போட்ட அகூஸ்டிக் கிட்டாரில் அது ஏறக்குறைய 2 முதல் 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் வாசிக்கச் சிரமம் குறைவு. அதற்கு நன்றாக மேலே இருந்தால் பழகியவருக்குமே விரல் நோகும். கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுத்து இறக்கித் தரச் சொல்லலாம். கம்பி துருப்பிடித்திருந்தால் மாற்றுங்கள். புதிதாகப் போடும்போது மெல்லிய கம்பியைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு முறையும் சுருதி சேர்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். சுருதி சேராத கிட்டாரில் சரியாக வாசித்தாலும் தவறாகத்தான் கேட்கும், அதைக் கேட்டு நம்மை நாமே சந்தேகிப்போம்.

அடுத்து விரல். இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் அழுத்தினால் அதிக பலம் வேண்டும், அப்படியும் இரையும். ஒலி வர வேண்டிய ஃப்ரெட்டை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால், கிட்டாரின் தலைப் பக்கமாக அழுத்துங்கள். கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் கூட்டு) எந்தக் கம்பி ஒலிக்கவில்லை என்று ஒவ்வொன்றாக மீட்டிப் பார்த்தால், பக்கத்து விரல் சாய்ந்து அதைத் தொட்டுக்கொண்டிருப்பது தெரியும். விரல் நுனியில் தோல் தடிக்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை சிறிது சிறிதாக, அடிக்கடி எடுத்து வாசிப்பது நல்லது. நுனியில் எரிச்சல் இருப்பது இயல்பு. மணிக்கட்டிலோ முழங்கையிலோ கூரிய வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது தாளம் உடைகிறதா? தாள வேகத்தைத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை, தவறே வராத வேகம்வரை இறக்குங்கள். அது கேட்கவே பொறுமை சோதிக்கும் வேகமாக இருக்கலாம். பரவாயில்லை, சாதகம் அங்கிருந்துதான் தொடங்கும். அந்த வேகத்தில் சுத்தமாக வந்தபின் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள்.

அறிகுறி: க்ரோஷே சதுரம் முக்கோணமாகிறது, எம்ப்ராய்டரித் துணி சுருங்குகிறது

இவை இரண்டும் சுலபமானவை. க்ரோஷே ஓரம் குறுகினால், வரிசையின் கடைசிக் கண்ணியோ முதல் கண்ணியோ விட்டுப்போகிறது. வரிசை முடியும்போதெல்லாம் எண்ணுங்கள். முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் வேறு நிற நூல்துண்டைச் சொருகி அடையாளம் வையுங்கள். கறுப்பு நூலில் பழகாதீர்கள், கண்ணியே தெரியாது. வெளிர் நிற, நடுத்தரப் பருமனுள்ள நூலும் 5 மில்லிமீட்டர் ஊசியும் பழகுவதற்கு வசதி. ஊசி உள்ளே நுழையவே மறுத்தால் நூலை இறுக்கிப் பிடிக்கிறீர்கள். இன்னும் ஒரு அளவு பெரிய ஊசிக்கு மாறுங்கள்.

எம்ப்ராய்டரித் துணி சுருங்கினால் துணியை இழுத்துப் பிடிக்கும் வளையம் தளர்ந்திருக்கிறது, அல்லது நூலை அதிகம் இழுக்கிறீர்கள். துணி விரலால் தட்டினால் ஒலிக்கும் அளவு இறுக்கமாக இருக்கட்டும். நூல் அடிக்கடி சிக்கினால் அதன் நீளத்தைக் குறையுங்கள், 45 சென்டிமீட்டர் போதும். ஆறு இழை நூலில் இரண்டு மூன்று இழைகளைப் பிரித்தெடுத்துத் தைத்தால் கோடு நறுக்கென்று இருக்கும்.

அறிகுறி: நேற்று நன்றாக வந்தது, இன்று வரவே இல்லை

ஒரே ராகத்தையோ ஒரே எழுத்தையோ ஒரு மணி நேரம் விடாமல் செய்தால், கடைசியில் அழகாக வரும். மறுநாள் காணாமல் போகும். இதைப் பார்த்துப் பலர் மனம் உடைந்துபோகிறார்கள். ஆனால் அன்று கடைசியில் வந்தது சூடு ஏறிய கையின் ஓட்டம். கற்றது எவ்வளவு என்பது மறுநாள் முதல் முயற்சியில்தான் தெரியும்.

ஜான் ஷே, ராபின் மார்கன் இருவரும் 1979-இல் கைவேகப் பயிற்சி ஒன்றை வைத்து இதை ஆராய்ந்தார்கள். ஒரே அசைவைத் தொடர்ந்து பழகியவர்கள் பயிற்சியின்போது வேகமாகச் செய்தார்கள். அசைவுகளைக் கலந்து கலந்து பழகியவர்கள் பயிற்சியில் தடுமாறினார்கள். ஆனால் நாட்கள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்களிடமே அதிகம் தங்கியிருந்தது. பழகும்போது தடுமாறுவதை மோசமான அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஆகவே ஒரு மணி நேரத்தை ஒரே நாளில் செலவழிப்பதற்குப் பதில் சில நாட்களுக்குப் பங்கிடுங்கள். ஒரு அமர்வுக்குள்ளும் கிண்ணம், கை, இலை என்று மாற்றி மாற்றி வரையுங்கள். முதல் முறை ஒரு கார்டையோ தையலையோ பிடிக்கும்போது மட்டும் அதையே திரும்பத் திரும்பச் செய்யலாம். அடிப்படை அசைவு பிடிபட்டதும் கலக்கத் தொடங்கிவிடுங்கள். நடுவில் தூக்கம் வருவதும் நல்லதுதான். கைப்பழக்கம் நினைவில் படிவதில் தூக்கத்துக்குப் பங்கு உண்டு.

அறிகுறி: பழகப் பழக மோசமாகிக்கொண்டே போவதாகத் தோன்றுகிறது

தொடக்கத்தில் வரைந்ததெல்லாம் மகிழ்ச்சி தந்தது. சில மாதம் கழித்து எதை வரைந்தாலும் பிடிக்கவில்லை. விட்டுவிடுகிறவர்கள் அதிகமும் இந்த இடத்தில்தான் விடுகிறார்கள். எனக்கு அதைப் பார்க்க மனம் தாங்குவதில்லை, ஏனென்றால் அவர்கள் வளர்ந்துகொண்டிருக்கும்போதே போய்விடுகிறார்கள்.

கண்ணும் கையும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. நல்ல ஓவியங்களைப் பார்க்கப் பார்க்கக் கண் சீக்கிரம் தேறிவிடுகிறது. நிழல் எங்கே தவறியது, கோடு எங்கே தயங்கியது என்று அது கண்டுபிடிக்கிறது. கை தேற மாதங்கள் ஆகும். நடுவில் உள்ள காலம் முழுக்க, தன் வேலையின் குறைகள் மட்டுமே தெரியும். முன்பு அந்தக் குறைகள் இல்லாமல் இல்லை. அன்று அவை தெரியவில்லை.

இது உண்மைதானா, இல்லை நிஜமாகவே பின்னால் போகிறோமா என்று எப்படிச் சோதிப்பது? முடித்த ஒவ்வொன்றின் பின்புறமும் தேதி எழுதுங்கள். பிடிக்காததைக் கிழிக்காதீர்கள், மூன்று மாதமாவது ஒரு உறையில் போட்டு வையுங்கள். அப்புறம் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏதாவது ஒன்றை மட்டும் ஒப்பிடுங்கள். கோடு மட்டும், அல்லது அளவு மட்டும். மொத்தமாகப் பார்த்து எது நன்றாக இருக்கிறது என்று கேட்டால் அன்றைய மனநிலைதான் பதில் சொல்லும். இசை பழகுபவர் ஒரே பயிற்சியை மாதம் ஒருமுறை பதிவு செய்து வைத்தால் இதே சோதனையைச் செய்யலாம்.

ஒப்பிட்டபின் குறையை ஒரு வரியில் எழுதுங்கள். "நன்றாக இல்லை" என்று எழுதக் கூடாது. "கைவிரல்கள் எல்லாம் ஒரே நீளத்தில் இருக்கின்றன" என்று எழுதினால் அடுத்த வாரம் எதைப் பழகுவது என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது. உண்மையிலேயே முன்னேற்றம் நின்றிருந்தால் இந்தத் தாளிலும் அது தெரியும்: ஒரே வரி மாதாமாதம் வரும். அப்போதுதான் கட்டணம் கொடுத்து ஓரிரு வகுப்பு போவதோ, தெரிந்தவரிடம் காட்டுவதோ நல்ல பலன் தரும். எதைக் கேட்பது என்று தெரிந்து போகிறீர்கள் அல்லவா.

அறிகுறி: மற்றவர்கள் செய்ததைப் பார்த்ததும் கை நின்றுவிடுகிறது

அளக்க வேறு அளவுகோல் இல்லாதபோது மனிதர்கள் தங்களைப் பிறரோடு ஒப்பிட்டே மதிப்பிடுகிறார்கள் என்று லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-இல் எழுதினார். அதிலேயே மருந்தும் இருக்கிறது: அளவுகோல் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். இந்தப் பகுதியை எந்த வேகத்தில் தவறில்லாமல் வாசிக்கிறேன், இருபது வரிசையில் எத்தனை இடத்தில் கண்ணி தப்பியது, இவை யாரையும் பார்த்து மாறாத எண்கள். பழகும் நேரத்துக்கு முன்னால் பிறர் படைப்புகளைப் பார்க்காதீர்கள், பழகி முடித்தபின் பாருங்கள். அப்போது கண், "இந்த இடத்தை எப்படிச் செய்திருக்கிறார்" என்று தேடும்.

வயதாகிவிட்டது என்ற தயக்கமும் இதோடு சேர்ந்ததுதான். இங்கிலாந்தின் மேரி டிலேனி 70 வயதைத் தாண்டியபின் வண்ணத்தாளை வெட்டி ஒட்டி மலர்களைச் செய்யத் தொடங்கினார். பத்தாண்டுகளில் ஏறக்குறைய ஆயிரம். இன்று அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அமெரிக்காவின் அன்னா மேரி ராபர்ட்சன் மோசஸ் எழுபதுகளின் பிற்பகுதியில் ஓவியத்தில் முழுமூச்சாக இறங்கினார். இந்த இருவரையும் வயதுக்காக மட்டும் எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, இருவருமே அதற்கு முன் எம்ப்ராய்டரி செய்தவர்கள் என்பது. நிறம் சேர்க்கவும் நுணுக்கமாக வேலை செய்யவும் அவர்கள் கைக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. உங்கள் கைக்கும் ஏதோ தெரிந்திருக்கும். தையல் தெரிந்தவருக்கு அளவு தெரியும், தச்சு தெரிந்தவருக்குக் கோணம் தெரியும், பாடத் தெரிந்தவருக்குக் கிட்டாரில் சுருதி பிசகினால் உடனே கேட்கும். அதை ஒட்டிய கலையிலிருந்து தொடங்கினால் முதல் சில மாதங்கள் லேசாகும்.

அறிகுறி: யாராவது பார்த்தால், கேட்டால் கூசுகிறது

பாட்டைப் பதிவு செய்து கேட்டு "இது என் குரலா!" என்று அதிர்ந்தவர்களுக்கு ஒரு செய்தி. நாம் பேசும்போது நம் குரல் காற்றின் வழியாக மட்டும் காதுக்கு வருவதில்லை, மண்டை எலும்பின் வழியாகவும் வருகிறது. எலும்பு தாழ்ந்த ஒலிகளை நன்றாகக் கடத்துவதால் நம் குரல் நமக்குக் கனமாகக் கேட்கும். பதிவில் அது இல்லை, அதனால் மெல்லியதாக, வேறு யாரோ போலத் தோன்றும். மற்றவர்கள் என்றும் கேட்பது அந்தக் குரலைத்தான், அவர்களுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை. தினம் சிறிது நேரம் கேட்டால் அந்நியம் போய்விடும். அப்புறம்தான் சுருதியைக் கவனிக்க முடியும்.

வீட்டாரிடம் "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். அன்புள்ளவர் நல்லா இருக்கு என்பார், அவசரத்தில் இருப்பவர் பார்க்காமலே தலையாட்டுவார், இரண்டும் உதவாது. "இதைப் பார்த்ததும் கண் முதலில் எங்கே போகுது?" "இந்த வரியை வாசிக்க முடியுதா?" என்று கேளுங்கள். ஓவியம் தெரியாதவரும் இதற்குச் சரியான பதில் சொல்வார். பாதியில் இருப்பதைக் காட்டவே வேண்டாம்; முடியாத வேலைக்குக் கிடைக்கும் கருத்தைப் புதிதாகப் பழகும் கை தாங்குவது கஷ்டம்.

அறிகுறி: செய்ய உட்காரவே பிடிக்கவில்லை

இதைச் சுயசந்தேகம் என்று எடுத்துக்கொண்டு போராடுகிறவர்கள் உண்டு. ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: எப்படியோ உட்கார்ந்துவிட்ட பிறகு, நேரம் போவது தெரிகிறதா? உட்காரும்வரை தயக்கம், உட்கார்ந்ததும் மூழ்கிவிடுகிறீர்கள் என்றால் அது சந்தேகம்தான், மேலே சொன்ன முதல் அறிகுறிக்குப் போங்கள். உட்கார்ந்த பின்னும் எப்போது முடியும் என்றே இருக்கிறது என்றால், அந்தக் கலை உங்களுக்கானது இல்லாமல் இருக்கலாம். பின்னல் சால்வை பிடிக்கும், பின்னுவது பிடிக்காது; அதில் ஒரு தப்பும் இல்லை. நூலை யாருக்காவது கொடுத்துவிட்டு வேறொன்றைத் தேடலாம். ஆனால் வாரக்கணக்கில் எதிலுமே நாட்டம் இல்லை, முன்பு பிடித்த எல்லாமே சலிக்கிறது என்றால் அது கலை சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. மருத்துவரிடம் பேசுங்கள்.

அறிகுறி: விட்டுப்போய் மாதக்கணக்காகிவிட்டது, மறுபடி எடுக்கத் தயக்கம்

தொடர்ச்சி அறுந்துவிட்டது, இனி முதலிலிருந்துதான் என்ற பயம் தேவையில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் அன்றாடப் பழக்கங்கள் எப்படி ஊன்றுகின்றன என்று ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். பழக்கம் ஊன்ற எடுத்த காலம் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. நீண்ட இடைவெளி வேறு விஷயம்தான், அதில் திறமை மங்கும். ஆனால் மறந்ததாகத் தோன்றுவதை மறுபடி கற்க முதல் தடவையைவிடக் குறைந்த நேரமே ஆகும் என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே தன்மேல் சோதித்துக் காட்டியிருக்கிறார். அவர் சோதித்தது மனப்பாடத்தை. கைப்பழக்கத்திலும் இது நடப்பதைச் சைக்கிளை நெடுநாள் விட்டுவிட்டு மறுபடி ஏறிய யாரும் அறிவார்கள்.

திரும்பும்போது, பாதியில் நிற்கும் கடினமான வேலையைத் தொடாதீர்கள். விடுவதற்கு முன் சுலபமாக வந்த ஒன்றை முதலில் செய்யுங்கள். கிட்டார் என்றால் கம்பியைப் பார்த்து, சுருதி சேர்த்து, குறைந்த நேரம் மட்டும் வாசியுங்கள். தடித்த தோல் போயிருக்கும், முதல் நாளே இழுத்துப் பிடித்தால் கொப்புளம் வரும். குழாயில் காய்ந்த வாட்டர்கலரைத் தூக்கி எறிய வேண்டாம், வெட்டித் திறந்து தண்ணீர் விட்டால் கரையும். அக்ரிலிக் அப்படியில்லை, காய்ந்தால் காய்ந்ததுதான். பின்னல் வேலை என்றால் பழைய சால்வையில் நேரடியாகத் தொடராமல், தனியாக ஒரு சிறு துண்டைப் பின்னி, அதன் கண்ணிகளைப் பழையதோடு வைத்து அளந்து பாருங்கள். இடைவெளியில் கை இறுகியிருந்தாலோ தளர்ந்திருந்தாலோ ஊசி அளவை மாற்றிக்கொண்டு தொடருங்கள், இல்லையென்றால் சேரும் இடம் தனியாகத் தெரியும்.